ஏழாம் எண் துண்டு

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். பதினான்கு மாதமாக அடித்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கு ஒரு தடித்த உறை வரும். உள்ளே நாலு பக்கப் படிவம் இருக்கும். சிறுநீரகத்தில் கட்டி வந்த பிள்ளைகளிடமிருந்து ஆபரேஷனில் எடுத்த துண்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மருந்து கேட்கிறது, இன்னொரு பிள்ளைக்குக் கேட்பதில்லை. அதற்குக் கட்டியிலேயே முன்கூட்டி ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நம் மிளகுவின் துண்டுகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள்.

போட வேண்டாம் அண்ணி.

நாலே முக்கால் வயதுக்குள் அந்தப் பிள்ளையை வெட்டினது போதாதா? மெழுகில் பதித்து அலமாரியில் வைத்தது அப்படியே இருக்கட்டும். "விருப்பமில்லை" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக் அடித்து அனுப்பினால் போதும். காரணம் எழுதத் தேவையில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அடக்கத்தன்று நான் பேசியதைப் பற்றி எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நேற்று வேலை முடிந்து கை கழுவும்போது மெழுகு வாசனை போகவே இல்லை. "மெழுகுவத்தி அத்தை வந்தாச்சு, யாரும் ஊதிடாதீங்க" என்று வார்டு முழுக்கக் கத்துவாளே, அந்தக் குரல் கேட்டது.

அண்ணன் சாப்பிடுகிறாரா?


பிப்ரவரி 17

நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் ஆஸ்பத்திரி உறையும் ஒரே நாளில் வந்தன. நான் ஐந்தாவது வரை படித்தவள் என்று உங்களுக்குத் தெரியும். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் சாப்பிடுகிறார். தட்டை நான் வைக்கிறேன், அவர் எடுக்கிறார். பஸ் டிப்போவிலிருந்து கிரீஸ் கையோடு வருவார், குளிப்பார், சுவரைப் பார்த்துப் படுப்பார். என்னிடம் பேசுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, நான் இரண்டு ஊசியை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் மட்டும் அழுதேன். கட்டி நெஞ்சுக்குள் திரும்பி வந்திருக்கிறது என்று சொன்ன அன்று அது. நீங்கள் என் தலையைத் தடவினீர்கள். ஆறு மாதம் கழித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கைகாட்டி, "ரெண்டு ஊசியை முழுங்கினவ இவதான், இப்ப எதுக்கு அழறான்னு கேளுங்க" என்றீர்கள். உங்கள் அண்ணனுக்கு அதுவரை தெரியாது.

இப்போது திடீரென்று என் பிள்ளையை வெட்டக் கூடாது என்று அக்கறை. எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

படிவத்தை மூன்று நாள் படித்தேன். பாதி புரியவில்லை. கீழே ஒரு டாக்டரம்மா நம்பர் இருந்தது. சட்டைக் கம்பெனியில் டீ நேரத்தில் கழிவறைப் பக்கம் போய்ப் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, ஒரு பிள்ளைக்கு மருந்து கேக்காம போனா, அது மருந்து தவறினதாலயா, இல்ல கட்டியே முதல்லருந்து அப்படியான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

அவர்கள் சொன்னார்கள். "சில கட்டியில தெரியும்மா. மருந்துக்கு அடங்காத அணு இருந்தா அடையாளம் காட்டும். எல்லாத்துலயும் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்தச் "சில" போதும். பதினான்கு மாதமாக நான் அந்தச் "சில" கூட இல்லாமல் இருக்கிறேன். கையெழுத்துப் போடப் போகிறேன். மார்ச் முப்பத்தொன்று வரை தவணை இருக்கிறது.


பிப்ரவரி 23

அண்ணி,

"அவர்களுக்கு" என்றும் "நீங்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த முதல் நாளே என்னை "வாடி" என்று கூப்பிட்டவர் நீங்கள். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.

நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். இந்தச் சோதனை இரண்டு பக்கமும் வெட்டும். அடையாளம் இருந்தால் சரி. இல்லையென்றால்? "உங்கள் மகளின் கட்டி சாதாரண வகைதான், மருந்து கேட்டிருக்க வேண்டும்" என்று எழுத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? இப்போதாவது தெரியாது என்று ஒரு மூலை இருக்கிறது. அதையும் இடித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு டாக்டர் பார்த்து எழுதிய முடிவும் சாதாரண வகை என்றுதானே இருந்தது? திரும்பப் பார்த்தாலும் அதுவேதான் வரும்.

அந்த டாக்டரம்மாவுக்குத் திரும்பப் போன் செய்யாதீர்கள். அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், ஒன்றைக் கேட்டால் பத்தை நோண்டுவார்கள். இங்கே நான் வேலை செய்கிற இடம். தயவுசெய்து.


மார்ச் 2

நாத்தனாருக்கு,

என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது என்ன செய்கிறேனோ அதையே செய்வேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுந்து, சோறு வடித்து, ஏழே காலுக்கு பஸ் ஏறுகிறேன். எழுத்தில் வந்தால் அதே பஸ்தான்.

அந்த இரண்டு வெள்ளிக்கிழமையையும் உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதல் வெள்ளி. பஸ்ஸில் பாதி தூரம் போய்விட்டோம். போன வார ஊசியில் தாடை வலி எடுத்து நாலு நாளாக அவள் எதையும் மெல்லவில்லை. என் மடியில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்த ஒரு வாரம் மட்டும் லீவு விடும்மா. அடுத்த வாரம் ரெண்டாப் போட்டுக்கறேன்" என்றாள். கடைக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரி இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள். மூடிக் கிடக்கும் தியேட்டர் நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர் பஸ் ஏறினேன். அன்று சாயங்காலம் அவள் ஒரு டம்ளர் பால் குடித்தாள். முழு டம்ளர். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாவது வெள்ளி அதற்கு ஒரு மாதம் கழித்து. கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற வாரம். சூப்பர்வைசர் என் மேஜையில் தட்டி, "இன்னிக்கு லீவுன்னா நாளைக்கும் வராதே, மறுநாளும் வராதே" என்றார். நான் போனேன். அன்று முழுக்கச் சட்டை பார்த்தேன்.

இரண்டு தடவையும் நர்ஸிடம் பொய் சொன்னேன். வர முடியாத வாரம் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டு கொடுத்திருந்தார்கள் இல்லையா? "அங்க போட்டாச்சு சிஸ்டர்" என்றேன். அவர்கள் நம்பி டிக் அடித்துக்கொண்டார்கள். வாரம் ஒன்றாகப் போட வேண்டிய ஊசி அட்டையில் பதினெட்டு கட்டத்திலும் டிக்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் என் வேலை என்ன? விளக்குக்குக் கீழே சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. மணிக்கு அறுபது. தப்பிருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பது. பதிமூன்று வருஷமாகச் செய்கிறேன். தையல் விட்டுப்போன இடத்தை இஸ்திரி போட்டு மறைத்திருந்தால் விரல் பட்டவுடன் தெரிந்துவிடும்.

உங்கள் இரண்டு கடிதமும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

மிளகுவின் துண்டுகளை வெட்டியது நீங்கள்தானே? வராந்தாவில் என்னிடம் ஓடி வந்து, "ஆறு நாள் வரிசை அண்ணி, ஒரே ராத்திரியில நானே முடிச்சிட்டேன்" என்றீர்கள். உங்கள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறதா?

டாக்டரம்மாவுக்கு ஏன் போன் செய்யக் கூடாது? பதில் எழுதுங்கள். இருபதாம் தேதி வரை பார்ப்பேன்.


மார்ச் 11

அண்ணி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நடுவில் நிறுத்தினால் திரும்ப எழுத மாட்டேன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மிளகுவின் கட்டியைப் பன்னிரண்டு துண்டாக எடுத்துப் பன்னிரண்டு மெழுகில் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வெங்காயச் சருகைவிட மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டர் மேஜைக்கு அனுப்புவதுதான் என் வேலை. சொந்தக்காரர் துண்டு வந்தால் தொடக் கூடாது, பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிட வேண்டும். அது விதி. ஆனால் நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் "எப்பத் தெரியும்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பார்க்க முடியவில்லை. சீட்டில் மிளகு என்று இல்லை, அவளுடைய நிஜப் பேர்தான் இருந்தது, என் அண்ணன் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் அந்தத் தட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வரை கை ஒழுங்காக இருந்தது. ஆறும் ஏழும் ஓரத் துண்டுகள். கட்டியோடு நல்ல சிறுநீரகமும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கட்டியைக் கட்டி என்று நினைத்துத்தான் வெட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த நல்ல ஓரம் மிளகு, அண்ணி. அது அவள்தான். ஆறை எப்படியோ முடித்தேன். ஏழாவதைக் கத்தியில் பொருத்தினபோது கை ஆட ஆரம்பித்தது. சீவல் கிழிந்தது. திரும்ப எடுத்தேன், திரும்பக் கிழிந்தது. இன்னொரு தடவை வைத்தால் துண்டே போய்விடும் என்று பயந்து, ஆறாவதிலேயே இரண்டாவது சீவல் எடுத்து, கண்ணாடியில் "7" என்று எழுதினேன். பக்கத்துப் பக்கத்துத் துண்டுதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன்.

டாக்டர் பன்னிரண்டையும் பார்த்தார். சாதாரண வகை என்று எழுதினார். அதனால்தான் இரண்டு மருந்தோடு லேசான சிகிச்சை போதும் என்றார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் எல்லா மெழுகையும் புதிதாக வெட்டுவார்கள். கண்ணாடிக்கும் மெழுகுக்கும் பொருந்தவில்லை என்று ஏழில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான் முதலில்.

உங்கள் கடிதம் வந்த பிறகு தாங்க முடியவில்லை. மார்ச் 5, காலை ஏழு மணி, யாரும் வருவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து ஏழாவதை எடுத்தேன். இந்தத் தடவை கை ஆடவில்லை; சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மற்றவை மாதிரியே இருந்தால், "தாராளமாகப் போடுங்கள் அண்ணி" என்று எழுதிவிட்டு என் தலையெழுத்தை நான் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அப்படி இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பதினொரு வருஷமாக இதே கண்ணாடிகளைப் பார்க்கிறேன். நடுவில் ஒரு கூட்டம் அணுக்கள், மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, கறுத்துக் கோணிக்கொண்டு நிற்கின்றன. அப்படி இருந்தால் லேசான மருந்து கேட்காது. முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அன்றைக்கே பார்த்திருந்தால் வேறு மருந்து, கடுமையான மருந்து கொடுத்திருப்பார்கள். பிழைத்திருப்பாளா? தெரியாது. சில பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நிறையப் பேர் அதற்கும் அடங்காமல் போய்விடுகிறார்கள்.

உங்கள் இரண்டு ஊசியால் அந்த அணுக்கள் வரவில்லை. ஆபரேஷன் அன்றே உள்ளே உட்கார்ந்திருந்தன. அதை நான்தான் டாக்டர் கண்ணில் காட்டவில்லை. அடக்கத்தன்று எனக்கு இது தெரியாது. ஆனால் ஏழை வெட்டாதது தெரியும். அது வயிற்றில் கல்லாகக் கிடந்தது. உங்களைக் கைகாட்டியபோது கொஞ்சம் லேசானது. அதற்காகத்தான் கைகாட்டினேன் போலிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.


மார்ச் 14

படித்தேன்.

உன் அண்ணன், "யார்கிட்டருந்து லெட்டர்?" என்றார். பல மாதத்தில் என்னிடம் பேசின முதல் வார்த்தை. "உங்க தங்கச்சி" என்றேன். "என்னவாம்?" என்றார். "உங்களை விசாரிச்சிருக்கா" என்று சொல்லி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது வேறு எதையும் எழுத முடியாது. எழுதினால் பேனா முனை பேப்பரில் நிற்காது.


மார்ச் 20

அண்ணி,

இன்று இருபதாம் தேதி. நீங்கள் சொன்ன நாள். தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

திட்டியாவது எழுதுங்கள். அதற்குப் பிறகு அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? ஒவ்வொரு தடவை எங்கள் அறைக் கதவு திறக்கும்போதும் என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று நினைக்கிறேன். நேற்று ஒரு முழுத் தட்டுத் துண்டுகளைப் பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிட்டேன். எல்லாமே யாரோ ஒருவருடைய பிள்ளை என்று தோன்றுகிறது. இப்படி இருந்தால் வேலை செய்ய முடியாது.

புதிதாக வெட்டிய ஏழாம் எண் கண்ணாடி என் மேஜை இழுவையில் பஞ்சு சுற்றி இருக்கிறது. உடைத்துவிடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். உடைக்கவில்லை.


மார்ச் 23

மெழுகுவத்தி அத்தைக்கு,

உன்னை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் அவள் கூப்பிட்டதைப் போட்டிருக்கிறேன். இளகிவிட்டேன் என்று நினைக்காதே.

பதினெட்டாம் தேதி நான் அங்கே வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம், ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு நீ சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்தாய். மூடியைத் திறந்தாய், உள்ளே பார்த்தாய், திரும்ப மூடிவிட்டாய். உன் முடியைப் பிடித்து ரோட்டில் இழுக்க வேண்டும் என்றுதான் பஸ் ஏறி வந்தேன். பொய் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டு அதற்காகவே வந்தேன். நீ டப்பாவை மூடினதும் திரும்பிப் போய்விட்டேன்.

போகும்போது தியேட்டர் நிறுத்தம் வந்தது. யாரோ ஒருத்தி ஏறினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உன்னைத் திட்டுவதற்கு நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஒன்று மட்டும் தடுக்கிறது. மிளகு பிறந்த வருஷம், பால் கட்டி நெஞ்சு வலித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பார்க்காமலே இரண்டு பண்டில் சட்டைக்கு டிக் அடித்து அனுப்பினேன். வீட்டுக்கு ஓட வேண்டும் என்று. அதனால் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான். நர்ஸ் டிக் அடித்ததும் என் வாய் வார்த்தையை நம்பித்தான். நீ செய்ததும் நான் செய்ததும் ஒன்று என்று சொல்லவில்லை. உன்னுடையது பெரிது. எத்தனை மடங்கு என்று அளக்க என்னிடம் டேப் இல்லை.

நேற்றுப் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் அவளைப் பற்றி அச்சடித்திருக்கிறது. கட்டி, சாதாரண வகை. ஊசி, பதினெட்டுக்குப் பதினெட்டு. முடிவு, இறப்பு.

இதைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா என்ன நினைப்பார்கள்? சாதாரணக் கட்டி, மருந்து ஒன்றும் தவறவில்லை, ஆனாலும் ஒரு பிள்ளை போய்விட்டது என்று கணக்கில் சேர்ப்பார்கள். அப்படி ஒரு பிள்ளை உலகத்தில் கிடையாது. என் மிளகு அது இல்லை. முதல் வரி உன் பொய், இரண்டாம் வரி என் பொய், மூன்றாவது மட்டும்தான் நிஜம். அவளை வைத்து இன்னொரு பிள்ளைக்குத் தப்பாக மருந்து கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. உயிரோடிருந்தபோது அவள் ஒரு பொய் சொன்னதில்லை. பிஸ்கட்டைத் திருடித் தின்றுவிட்டு, "நான்தான் தின்னேன், நல்லாருந்துச்சு" என்று வந்து சொல்கிற பிள்ளை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரே எடுத்துக்கொண்டு வருகிறேன். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு நேரம் வாங்கியாகிவிட்டது. எதற்கு என்று சொல்லவில்லை. "ரெண்டு பேர் வர்றோம்" என்று மட்டும் சொன்னேன். என் ஊசியை நான் சொல்வேன். ஏழாவதை நீ சொல். நீ வராவிட்டால் இரண்டையும் நானே சொல்வேன், உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். கம்பெனியில் தப்பான சட்டையை யாரும் எரிப்பதில்லை, அம்பு ஒட்டி, இங்கே தப்பு என்று அடுத்த மேஜைக்குக் காட்டுவார்கள். அதைத்தான் செய்யப் போகிறோம்.

உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் என்னைச் சொன்னாயோ அத்தனை பேரைக் கூட்ட வேண்டாம். அவர் முன்னால், நானும் இருக்கும்போது சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை முடிந்ததும் நீ என்னோடு வீட்டுக்கு வருகிறாய்.

மன்னிப்பதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அது எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது வந்தால் பார்க்கலாம், வராமலும் போகலாம்.

ஒன்று மட்டும் செய். அந்த ஏழாம் எண் கண்ணாடியைப் பஞ்சோடு கொண்டு வா. டாக்டரம்மா கையில் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் இயந்திரத்தில் வைத்து எனக்குக் காட்ட வேண்டும். என் பிள்ளையைத் தின்றது எது என்று நான் பார்க்க வேண்டும். பயப்பட மாட்டேன்.

ஓரத்தில் நல்லது கொஞ்சம் ஒட்டியிருந்தது, அது அவள்தான் என்று எழுதியிருந்தாயே, அது இன்னும் அங்கே இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைக் காட்டு.